ஆவடி கேம்ப்பும் மலேசியா பேக்கிங் வேலையும்

திருநின்றவூர்ல காலைல சென்ட்ரல் லோக்கல் ஏறினா, நிக்க இடம் கிடைக்குதோ இல்லையோ, படிக்க மேட்டர் கிடைக்கும். கதவுக்கு மேல, ஃபேனுக்குப் பக்கத்துல, ஜன்னல் ஓரமா எல்லா இடத்துலயும் ஸ்டிக்கர். மூலம் பவுத்திரம் வைத்தியருக்கும் பார்ட் டைம் வேலைக்கும் நடுவுல கண்டிப்பா இது ஒண்ணு இருக்கும்: "வெளிநாட்டில் பேக்கிங் வேலை. 8வது முதல் டிகிரி வரை. உணவு, தங்குமிடம் இலவசம். ஓ.டி. உண்டு." கீழ ஒரு செல் நம்பர். எந்த நாடு, எந்த கம்பெனி, என்னத்த பேக் பண்ணணும்? அதெல்லாம் கிடையாது.

இந்த 'பேக்கிங்'ங்கற வார்த்தைக்கு ஒரு மந்திர சக்தி இருக்கு மக்களே. கட்டட வேலைன்னா சாரத்துல ஏறணும்னு தெரியும். கப்பல் பட்டறைன்னா வெல்டிங் தெரிஞ்சிருக்கணும். பேக்கிங்னா நிழல், ஃபேன், பொட்டில போட்டு டேப் ஒட்டுறது, அவ்ளோதான். அதுக்கு எவன் இன்டர்வியூ வைக்கப் போறான்? பொட்டி தட்டியே சோறு திங்குற நமக்கே ஆணி அதிகமான நாள்ல "பேசாம பேக்கிங் போயிடலாம்டா"ன்னு தோணும் :-)

ஆனா இந்தப் பதிவு ஸ்டிக்கரைப் பத்தி இல்ல. எங்க ஊர்ல இருந்து நாலாவது ஸ்டேஷன் ஆவடி. நேமிலிச்சேரி, பட்டாபிராம், ஹிண்டு காலேஜ், ஆவடி. அந்த ஆவடிக்கும் வெளிநாட்டுக் கூலி வேலைக்கும் நூறு வருஷப் பழக்கம் இருக்கு. அது நம்ம ஏரியாலயே பல பேருக்குத் தெரியாது.

ஆவடின்னு சொன்னதும் நம்மாளுங்க ஒரு கதை விடுவாங்க. 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டிப்போ ஆஃப் இந்தியா'ங்கறதோட முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் ஆவடின்னு பேர் வந்துச்சாம். ஃபார்வர்டு மெயில் காலத்துல இருந்து வாட்ஸப் காலம் வரைக்கும் சாகாத கதை. டேங்க் ஃபேக்டரி வந்தது 1960கள்ல. முதல் விஜயந்தா டேங்க் வெளிய வந்தது 1965ல. அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே, 1955 ஜனவரில, காங்கிரஸ் மாநாடு நடந்து 'சோஷலிஸ பாணி சமுதாயம்'னு தீர்மானம் போட்டதே ஆவடிலதான். அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1920கள்லயே, அரசாங்க ஆவணங்கள்ல ஆவடி அடிக்கடி வரும். எதுக்குன்னா மலாயா போற கூலி ஆட்களைத் தங்க வைக்கிற கேம்ப் அங்கதான் இருந்துச்சு.

மெட்ராஸ் மாகாணத்துல இருந்து மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போறவங்களுக்கு ரெண்டு வாசல். ஒண்ணு நாகப்பட்டினம், திருச்சி தஞ்சாவூர் பக்கத்து ஆட்களுக்கு. இன்னொண்ணு மெட்ராஸ் துறைமுகம். அந்த மெட்ராஸ் வாசலோட காத்திருக்கும் அறைதான் ஆவடி. வடஆற்காடு, சேலம், செங்கல்பட்டு ஜில்லாக்கள், மேல தெலுங்கு ஜில்லாக்கள்னு அங்கிருந்தெல்லாம் ஆள் வரும். ஏன் ஆவடின்னா மேப்பைப் பாத்தாலே புரியும். தென்னிந்தியாவோட முதல் ரயில் பாதை, 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் திறந்தது, இந்த வழியாத்தான் போகுது. எங்க ஊர் வழியாவும்தான். காட்பாடி, ஜோலார்பேட்டை பக்கத்துல இருந்து வண்டில ஏத்தின ஆட்களை நகரத்துக்குள்ள விடாம, ஊருக்கு வெளிய ஒரு திடல்ல இறக்கி, பரிசோதனை பண்ணி, கப்பல் வர்ற அன்னிக்கு மட்டும் துறைமுகத்துக்குக் கொண்டு போறதுக்கு இது தோதான இடம்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1834ல பிரிட்டிஷ் காலனிகள்ல அடிமை முறை முடிஞ்சதும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லாம போச்சு. அதுக்குப் பதிலா வந்ததுதான் ஒப்பந்தக் கூலி முறை. அஞ்சு வருஷம் கையெழுத்து (பெரும்பாலும் கைநாட்டு), பாதில விட்டுட்டுப் போனா ஜெயில். மொரீஷியஸ், நேட்டால், ஃபிஜின்னு போனாங்க. 1860 அக்டோபர்ல மெட்ராஸ்ல இருந்து கிளம்பின 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16ஆம் தேதி டர்பன்ல 342 பேரை இறக்கிச்சு. தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாறு அங்க இருந்துதான் ஆரம்பம். காந்தி, ஆண்ட்ரூஸ் எல்லாம் போராடி, 1917ல இந்த முறைல ஆள் அனுப்புறது நின்னுச்சு.

மலாயால ஒப்பந்த முறை 1910லயே முடிவுக்கு வந்துடுச்சு. அங்க ஓடினது கங்காணி முறை. தோட்டத்துல ஏற்கனவே வேலை செய்யுற ஆள் ஒருத்தரையே லைசன்ஸ் குடுத்து ஊருக்கு அனுப்புவாங்க. அவர் வெள்ளை வேட்டி, கடிகாரம், குடைன்னு சொந்த ஊர்ல வந்து இறங்குவார். சொந்தக்காரன், சாதிக்காரன், பக்கத்துத் தெருக்காரன்னு பத்து இருபது பேரைச் சேர்ப்பார். கிராம முன்சீப் ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தரணும். ஆளுக்கு இவ்வளவுன்னு கமிஷன் உண்டு. தோட்டத்துக்குப் போன பிறகும், தன் ஆள் காலைல பெரட்டுல (அட்டெண்டன்ஸ் எடுக்குற இடம்) வந்து நின்னா ஒவ்வொரு நாளைக்கும் 'தலைக்காசு' உண்டு. அதாவது ஆளுக்கு உடம்பு சரியில்லாம படுத்தா கங்காணிக்கு நஷ்டம். மிச்சத்தை நீங்களே யோசிச்சுக்கோங்க.

யார் போனாங்கன்னும் சொல்லணும். செங்கல்பட்டு ஜில்லால அன்னிக்கு 'படியாள்' முறை இருந்துச்சு. பரம்பரையா ஒரே நிலக்காரர்கிட்ட, நெல்லுல கூலி வாங்கிட்டு, அப்பா வாங்கின கடனுக்கு மகன் உழைக்கிறது. பெரும்பாலும் தலித் குடும்பங்கள். அவங்களுக்கு மலாயாங்கறது தப்பிக்கிற வழி. ஆள் போயிட்டா நடவுக்கு ஆள் இல்லைன்னு மிராசுதார்கள் சர்க்காருக்குப் புகார் மனு போட்டதே அதுக்கு சாட்சி. அதனால "ஏமாத்திக் கூட்டிட்டுப் போனாங்க"ன்னு மட்டும் இந்த வரலாறை எழுதுறது எனக்கு உடன்பாடு இல்லை. ஏமாந்தவங்க நிறைய. தெரிஞ்சே போனவங்களும் நிறைய. ஊர்ல இருந்தது அதைவிட மோசமா இருந்துச்சு.

இப்போ எனக்கு முக்கியமா படுற விஷயத்துக்கு வர்றேன். செலவு யாருது?

1907ல மலாயால ஒரு நிதி ஆரம்பிச்சாங்க. தமிழர் குடியேற்ற நிதின்னு ஆரம்பிச்சு, பிறகு இந்தியர் குடியேற்ற நிதி ஆச்சு. எந்தத் தோட்டத்துல எத்தனை இந்தியத் தொழிலாளி இருக்கானோ, அந்தக் கணக்குக்கு முதலாளி அரசாங்கத்துக்குப் பணம் கட்டணும். நீ கங்காணி அனுப்பி ஆள் எடுத்தாலும் கட்டணும், பக்கத்துத் தோட்டத்துக்காரன் கொண்டு வந்த ஆளை வளைச்சுப் போட்டாலும் கட்டணும். அந்தப் பணத்துலதான் ஊர்ல இருந்து ஆவடிக்கு ரயில் டிக்கெட், கேம்ப்ல சோறு, துணிமணி, கப்பல் சார்ஜ், அந்தப் பக்கம் இறங்கினதும் தனிமை முகாம் செலவு எல்லாம். போறவன் கைல இருந்து ஒத்தப் பைசா கிடையாது. 1922ல இந்தியா குடிபெயர்வுச் சட்டம் கொண்டு வந்து இதை இன்னும் இறுக்குச்சு. அந்தக் காலத்துல, பயணச் செலவை ஆள் தலைல கடனா எழுதுறது கூடாது. ஒரு மாச நோட்டீஸ் குடுத்தா வேலையை விட்டுப் போகலாம். இந்திய அரசோட ஏஜெண்ட் ஒருத்தர் கோலாலம்பூர்ல உக்காந்து தோட்டம் தோட்டமா போய்ப் பார்த்து வருஷா வருஷம் அறிக்கை எழுதுவார்.

சிலோன்ல கதை வேற. அங்க 'துண்டு'ன்னு ஒண்ணு இருந்துச்சு. தொழிலாளியோட கடன் எவ்வளவுன்னு எழுதின சீட்டு. அந்தக் கடனை அடைச்சு ஆளை அடுத்த தோட்டக்காரன் எடுத்துக்கலாம். அதாவது ஆளை வாங்கறதுக்கு ஒரு பில். 1921ல அதை ஒழிச்சாங்க.

ஆவடி கேம்ப்ல கப்பல் வர்ற வரைக்கும் வெச்சிருப்பாங்க. அம்மை குத்துவாங்க, டாக்டர் பார்ப்பார். 'ப்ரொடெக்டர் ஆஃப் எமிக்ரண்ட்ஸ்'னு ஒரு அதிகாரி (குடிபெயர்வோர் காப்பாளர்னு வெச்சுக்கலாம்), நீ உன் இஷ்டப்படி போறியா, எங்க போறேன்னு தெரியுமான்னு விசாரிக்கணும். வரிசைல நிக்குற நூத்துக்கணக்கான பேர்கிட்ட அந்தக் கேள்வியை எவ்வளவு சிரத்தையா கேட்டிருப்பாங்கன்னு நாம ஊகிக்கலாம். ஆனா கேட்கணும்னு சட்டத்துல இருந்துச்சு. அந்தப் பதவி சென்னைல இன்னிக்கும் அதே பேர்ல இருக்கு.

பிறகு கப்பல். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோட 'ரஜூலா' 1926ல ஸ்காட்லாந்துல கட்டினது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்னிக்கு போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர்னு 1973 வரைக்கும் ஓடுச்சு. ஆரம்பத்துல டெக்ல மட்டும் அஞ்சாயிரம் பேருக்கு அனுமதி. நம்ம லோக்கல் ட்ரெயின் பீக் அவர் கூட்டத்தைக் கடல்ல மிதக்க விட்ட மாதிரி. அதோட கூடப்பிறந்த கப்பல் 'ரோனா'. ரெண்டாம் உலகப்போர்ல சிப்பாய் ஏத்தப் போய், 1943 நவம்பர்ல மத்தியதரைக் கடல்ல ஜெர்மன்காரன் குண்டு போட்டு முழுகிச்சு. ஆயிரத்துக்கும் மேல அமெரிக்க சிப்பாய்கள் செத்தாங்க. மலாயாக்கு நம்ம தாத்தாக்களை ஏத்திட்டுப் போன கப்பல் அது. 1926ல மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல இந்தியர்கள் மலாயால போய் இறங்கினாங்க.

இறங்கின இடத்துல சம்பளம்? 1920கள் கடைசில, போக்குவரத்து வசதி உள்ள பகுதிகள்ல ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பொம்பளைக்கு 40 காசு. இது அரசாங்கம் நிர்ணயிச்ச 'ஸ்டாண்டர்டு' கூலி. 1930ல உலகப் பொருளாதாரம் படுத்துச்சு, ரப்பர் விலை விழுந்துச்சு, கூலியும் விழுந்துச்சு. கூலியைக் குறைச்சும் கட்டுப்படியாகாம ஆட்களையே திருப்பி அனுப்பினாங்க. மூணு நாலு வருஷத்துல லட்சத்துக்கும் மேல ஆட்கள் அதே கப்பல்ல திரும்பி வந்தாங்க. பதினஞ்சு இருபது வருஷம் முன்னாடி ஊரை விட்டுப் போனவன், அங்கயே கல்யாணம் கட்டி, பிள்ளை பெத்து, பால்மரம் தவிர எதுவும் தெரியாத பிள்ளைகளோட திரும்ப மெட்ராஸ்ல வந்து இறங்குறான். ரிசெஷன்ல பெஞ்ச்ல உக்கார வெச்சுட்டாங்கன்னு புலம்புற நம்ம கதைக்கெல்லாம் அது பாட்டன்.

1936 கடைசில சீனிவாச சாஸ்திரி மலாயா போய் நிலவரம் பார்த்து, 1937ல அறிக்கை குடுத்தார். 50 காசைத் திரும்பக் குடுக்கணும்னார். குடுத்தாங்க. ஆனா 1938ல ரப்பர் விலை மறுபடி சரிஞ்சதும் தோட்டக்காரங்க 45 காசாக் குறைச்சாங்க. அஞ்சு காசு. அதுக்கு இந்திய அரசு செஞ்ச காரியம்தான் இந்தக் கதைலயே எனக்குப் பிடிச்ச இடம். 1938 ஜூன் 15 முதல், உதவி பெற்று மலாயா போற கூலி ஆட்களுக்கு மொத்தமா தடை. "கூலியைக் குறைச்சா ஆள் கிடையாது, போ." வெள்ளைக்காரன் ஆட்சில இருந்த இந்தியா இதைச் செஞ்சுச்சுங்கறதை ரெண்டு தடவை படிக்கணும். மலாயா இந்தியர் சங்கத்தோட நெருக்கடி, இங்க காங்கிரஸோட நெருக்கடி, பல காரணம் இருந்துச்சு. ஆனா செஞ்சாங்க. அதோட அரசாங்க நிதில ஆள் அனுப்புற காலம் முடிஞ்சுது. யுத்தம் முடிஞ்ச பிறகும் அது திரும்ப வரலை.

இடைல நடந்ததை வேகமா சொல்லிடறேன். 1941ல கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள்ல பெரிய வேலைநிறுத்தம். கோரிக்கைல ஒண்ணு: துரை எதிர்ல வந்தா சைக்கிளை விட்டு இறங்கி நிக்க மாட்டோம். ராணுவத்தை விட்டுச் சுட்டாங்க. அப்புறம் ஜப்பான்காரன், சயாம் மரண ரயில், சுதந்திரம். 1969ல மலேசியா, குடியுரிமை இல்லாதவன் வேலை செய்யணும்னா பெர்மிட் வாங்கணும்னு சொல்லிச்சு. இங்கயே வாழ்நாள் பூரா வேலை செஞ்சு, பேப்பர் வாங்காம விட்ட ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் ஊருக்குக் கப்பல் ஏறினாங்க.

1970கள்ல வளைகுடா திறந்துச்சு. தமிழ்நாடு அரசே 1978ல வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் தொடங்கிச்சு. மத்திய அரசு 1983ல புதுக் குடிபெயர்வுச் சட்டம் போட்டுச்சு. பாஸ்போர்ட்ல 'ஈ.சி.ஆர்.'னு இருக்குமே, அது அங்க இருந்து வந்ததுதான். பத்தாவது பாஸ் பண்ணாதவர் வேலைக்குப் போறார்னா, மலேசியாவும் வளைகுடாவும் சேர்த்து 18 நாடுகளுக்கு முன்அனுமதி வாங்கணும். ஒப்பந்தம், சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம் பார்த்துதான் அனுப்பணும். பத்தாவது பாஸ் பண்ணிட்டா? நீயே உன்னைப் பார்த்துக்குவேன்னு அர்த்தம். அரசாங்கம் ஒண்ணும் கேக்காது.

எங்க தெருவுல ஒரு அண்ணன் இருக்கார். பத்தாவது பாஸ். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனில பேக்கிங்ல எட்டாயிரம் வாங்கிட்டு இருந்தவர், 2014ல மலேசியா போனார். கிள்ளான் பக்கம் ரப்பர் கையுறை ஃபேக்டரி, பேக்கிங் செக்‌ஷன். போன வாரம் டீக்கடைல உக்கார வெச்சுக் கேட்டேன்.

"உக்காந்து செய்யுற வேலைன்னுதான் தம்பி சொன்னாங்க. பன்னெண்டு மணி நேரம் நின்னேன். ஒரு டப்பால நூறு கையுறை, பத்து டப்பா ஒரு கார்ட்டன். மொதல்ல எண்ணுவ. ரெண்டு மாசம் போனா கையே சொல்லிடும், நூறு வந்துடுச்சுன்னு. சூடா வரும் லைன்ல இருந்து. பவுடர், மருந்து வாடை. ராத்திரி ரூம்ல சோறு பெசஞ்சா சோத்துலயும் அதே வாடை."

"எவ்ளோ கட்டினீங்கண்ணே?"

"ஒன்னேகால். ஊர்ல மூணு வட்டிக்கு வாங்கி."

அன்னிக்கு விதிப்படி, பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய அதிகபட்சம் 20,000 ரூபாய். பிறகு அது 30,000 ஆச்சு, ஜி.எஸ்.டி. தனி. அவர் கட்டினது ஆறு மடங்கு. ரசீது? சிரிச்சார்.

நமக்குத்தான் கணக்குப் போட்டுப் பார்க்காம தூக்கம் வராதே. 2014ல மலேசியா தீபகற்பத்துல குறைந்தபட்ச சம்பளம் மாசம் 900 வெள்ளி. (அங்க தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளின்னுதான் சொல்வாங்க.) அப்போ ஒரு வெள்ளி சுமார் பதினெட்டரை ரூபாய். தினம் நாலு மணி நேரம் ஓ.டி., ஒன்றரை மடங்குன்னு வெச்சா மாசம் 26 நாளைக்கு இன்னொரு 675 வெள்ளி. ஆக மொத்தம் 1,575. ஓ.டி. இல்லாட்டி பொழப்பே இல்லைங்கறது இதுலயே தெரியுது. இதுல லெவின்னு ஒரு பிடித்தம். வெளிநாட்டுத் தொழிலாளி ஒருத்தனுக்கு இவ்வளவுன்னு அரசாங்கம் வாங்குற வரி. 2013ல இருந்து அதைத் தொழிலாளி சம்பளத்துல பிடிச்சுக்கலாம்னு விட்டாங்க. ஃபேக்டரி ஆளுக்கு அன்னிக்கு வருஷம் 1,250, மாசம் நூத்திச் சொச்சம். சாப்பாடு 'இலவசம்' கிடையாது, அது கையில இருந்து முந்நூறு. போன், சோப்பு, ஊர்ல மூணு வட்டிக்கு மாசம் 3,750 ரூபாய். அசலைத் தொடவே அவருக்கு நாலு மாசம் ஆச்சு, முழுசா அடைக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. பாஸ்போர்ட் கம்பெனி லாக்கர்ல. கேட்டா "பத்திரமா இருக்கட்டும்"னு பதில்.

இப்போ 1907 நிதியைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அன்னிக்கு ஆள் கணக்குக்கு முதலாளி கட்டினான், அது தொழிலாளியோட டிக்கெட் ஆச்சு. நூறு வருஷம் கழிச்சு ஆள் கணக்குக்கு லெவி இருக்கு, ஆனா அதைத் தொழிலாளியே கட்டினான், டிக்கெட்டுக்கும் தனியா அவனே கட்டினான். 2018ல இருந்துதான் லெவியை முதலாளிதான் கட்டணும்னு மாத்தினாங்க. கங்காணி முறைக்கு நான் கொடி பிடிக்கலை. லயத்து வீடும் மலேரியாவும் கள்ளுக்கடையும் சேர்ந்து எத்தனை பேரைத் தின்னுச்சுன்னு தெரிஞ்சுதான் எழுதறேன். ஆனா 'அனுப்புற செலவு ஆளைத் தேடுறவன் செலவு'ங்கற ஒரு சாதாரண நியாயம் அந்தக் காலனி அரசாங்கத்துக்கே புரிஞ்சிருந்துச்சு. ஐ.எல்.ஓ. 1997ல ஒரு உடன்படிக்கைல, ஏஜென்சிகள் தொழிலாளிகிட்ட கட்டணம் வாங்கக்கூடாதுன்னு எழுதிச்சு. இந்தியா அதுல கையெழுத்து போடலை.

இன்னொரு பொருத்தம் எனக்கு உறுத்திட்டே இருக்கு. தாத்தா காலத்துல போனவன் மரத்துல இருந்து பால் இறக்கினான். பேரன் போய் அதே வட்டாரத்துல, அதே ரப்பரை, கையுறையா டப்பால அடுக்குறான். தோட்டம் ஃபேக்டரி ஆச்சு, அவ்ளோதான்.

கொரோனா சமயத்துல உலகம் பூரா அந்த டப்பாவுக்கு அடிச்சுக்கிச்சு. உலகத்துலயே பெரிய கையுறைக் கம்பெனி மலேசியாவோட டாப் க்ளவ். 2020 ஜூலைல, கட்டாய உழைப்புக்கான அறிகுறிகள் இருக்குன்னு அமெரிக்க சுங்கத்துறை அவங்க சரக்கை நிறுத்தி வெச்சுது. நவம்பர்ல தொழிலாளர் விடுதிகள்ல கொரோனா பரவி 28 ஆலைகளைப் படிப்படியா மூட வேண்டி வந்துச்சு. கடைசில, தொழிலாளிகள் ஏஜெண்டுக்குக் கட்டின பணத்தைத் திருப்பித் தர கம்பெனி ஒத்துக்கிச்சு. சுமார் 13,000 பேருக்கு 13.6 கோடி வெள்ளி. சராசரியா ஆளுக்குப் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல. பெரும்பாலும் நேபாளம், பங்களாதேஷ்காரங்க. 2021 செப்டம்பர்ல தடை நீங்குச்சு. 1938ல அஞ்சு காசுக்காக ஆள் அனுப்புற நாடு கதவை மூடுச்சு. 2020ல சரக்கு வாங்குற நாடு கதவை மூடினப்புறம்தான் பணம் திரும்புச்சு. நம்ம அண்ணன் வேலை செஞ்சது வேற சின்ன கம்பெனி, 2018லயே திரும்பிட்டார். அவருக்கு ஒண்ணும் வரலை.

ஸ்டிக்கர் பார்த்துட்டு யாராவது உங்ககிட்ட கேட்டா சொல்றதுக்கு ரெண்டு விஷயம். சிங்கப்பூர் உற்பத்தித் துறை வொர்க் பெர்மிட்டுக்கு ரொம்ப வருஷமா மலேசியா, சீனா, ஹாங்காங், மக்காவ், தென்கொரியா, தைவான் ஆட்களுக்கு மட்டும்தான் அனுமதி. இந்தியர்களுக்குக் கட்டடம், கப்பல் பட்டறை, பிராசஸ் துறைகள் உண்டு, ஃபேக்டரி கிடையாது. 2023 செப்டம்பர்லதான் வெல்டர், ஷீட் மெட்டல் மாதிரி சில வேலைகளுக்குக் கதவைத் திறந்தாங்க, 2025 செப்டம்பர்ல பட்டியல் கொஞ்சம் நீண்டுச்சு. ஆனா 'சிங்கப்பூர் பேக்கிங்' ஸ்டிக்கர் அதுக்கெல்லாம் முன்னாடியே எங்க ட்ரெயின்ல ஓடிட்டு இருந்துச்சு. அப்போ பணம் கட்டினவங்க எதுக்குக் கட்டினாங்க?

மலேசியா 2023 மார்ச்ல வெளிநாட்டுத் தொழிலாளிக்கான புது விண்ணப்பங்களை நிறுத்தி வெச்சுது. ஏற்கனவே அனுமதி வாங்கினவங்களும் 2024 மே 31க்குள்ள வந்து சேரணும்னு கெடு வெச்சுது. பங்களாதேஷ்ல ஆயிரக்கணக்கான பேர் பணம் கட்டிட்டு ஃப்ளைட் கிடைக்காம ஏர்போர்ட்லயே நின்னாங்க. அதே மலேசியா 2023 டிசம்பர்ல இருந்து, இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாம சுத்திப் பார்க்க வரலாம்னுச்சு. ஏஜெண்டுக்கு இதைவிட என்ன வேணும்? "மொதல்ல டூரிஸ்டா போயிடு தம்பி, அங்க போய் பெர்மிட் மாத்திக்கலாம்." டூரிஸ்டா போறவன் எந்தக் காப்பாளர் முன்னாடியும் நிக்க வேணாம், இன்சூரன்ஸ் இல்லை, ஒப்பந்தம் இல்லை. பிடிபட்டா அவன் தொழிலாளியும் இல்லை, சட்டவிரோதமா இருந்தவன். ஊர்ல 275 ரூபாய்க்குப் பத்து லட்சம் காப்பீடு தர்ற பிரவாசி பாரதிய பீமா யோஜனா இருக்கு. அதுக்கு முறையா போகணும்.

எங்க ஊர்ப் பேர்க் காரணம் சொல்வாங்க, லட்சுமி வைகுண்டத்தை விட்டு வந்து நின்ன ஊர், அதனால திரு நின்ற ஊர்னு. பேச்சுல தின்னனூர். இன்னொரு பக்கம் பூசலார் நாயனார், காசு கிடைக்காம மனசுக்குள்ளயே கல் கல்லா கோயில் கட்டினவர். எங்க தெருவுல இருந்து வெளிநாடு போனவங்க பெரும்பாலும் பூசலார் கட்சிதான். அண்ணன் நாலு வருஷத்துல கட்டினது ஒரு கிச்சனும் பாத்ரூமும், மேல ஷீட். மாடிக்குப் படி மட்டும் போட்டு வெச்சிருக்கார், மாடி இல்லை.

இப்போ அவர் திருமழிசை பக்கம் ஒரு கம்பெனில பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். கீழ இருபத்தி ரெண்டு பசங்க, எல்லாம் ஒடிசா, பீகார். கான்ட்ராக்டர் ஆளுக்கு இவ்வளவுன்னு கமிஷன் வாங்கிட்டு ரயில்ல கூட்டிட்டு வந்து விட்டது. எல்லாரும் ஒரே ஷெட்ல தங்கியிருக்காங்க. 'சூப்பர்வைசர்'ங்கறதுக்கு நேர் தமிழ் கங்காணின்னு நான் சொன்னதுக்கு, "அப்டியா"ன்னு டீயை உறிஞ்சிட்டுச் சொன்னார்: "என்னை ஏன் எடுத்தாங்க தெரியுமா தம்பி? ஹிந்தி பேசுவேன்னு. அங்க ரூம்ல கூட இருந்த நேபாளிப் பசங்ககிட்ட கத்துக்கிட்டது. மலேசியால இருந்து நான் கொண்டாந்தது அது ஒண்ணுதான்."

ஏழே காலுக்கு கம்பெனி வேன் வந்துச்சு, கிளம்பிட்டார்.